பூரிம் அன்று கை நீட்டுகிறவனிடம் கணக்குக் கேட்கலாமா?

#1 கணக்குப்பிள்ளை (லண்டன்) | 15 மார்ச் 2025

வணக்கம் நண்பர்களே. கோல்டர்ஸ் கிரீன் பக்கம் ஒரு யூத மளிகைக் கடையில் கணக்கெழுதுகிறேன். ஒன்பது வருஷம் ஆகிறது. நேற்று வெள்ளிக்கிழமை பூரிம் பண்டிகை, எஸ்தர் ராணி யூதர்களை அழிவிலிருந்து காப்பாற்றியதைக் கொண்டாடுகிற நாள். ராஜா வேஷம், புலி வேஷம், போலீஸ் வேஷம் என்று பையன்கள் கூட்டம் கூட்டமாகக் கடைக்குள் வந்து, ஒரு பாட்டுப் பாடி, ஒரு குதி குதித்துவிட்டு, கையிலிருக்கும் டப்பாவைக் குலுக்குவார்கள். முதலாளி கல்லாப்பெட்டி ஓரத்தில் ஒரு சீட்டுப் புத்தகம் வைத்திருப்பார். ஒரு அறக்கட்டளையில் முன்கூட்டியே பணம் கட்டிவிட்டால் செக்புக் மாதிரி இதைத் தருவார்கள். 50 பென்ஸ், 1 பவுண்டு என்று சின்னச் சின்னச் சீட்டுகள், கிழித்துக் கிழித்துக் கொடுக்க வசதி. நேற்று மத்தியானத்துக்குள் இரண்டு புத்தகம் காலி.

இது எல்லாம் பழகிப்போனதுதான். நான் எழுத வந்தது வேறு. கடை மூடுவதற்கு முன் முதலாளி இரண்டு உறைகளில் பணம் போட்டு ரபியிடம் (யூத மத குரு) கொடுத்தனுப்பினார். பூரிம் அன்று குறைந்தது இரண்டு ஏழைகளுக்கு ஆளுக்கு ஒன்றாவது கொடுத்தாக வேண்டும், அதுவும் அன்றைக்கே. பைபிளில் எஸ்தர் புத்தகத்தின் 9-ம் அதிகாரத்தில், பண்டிகையை எப்படிக் கொண்டாடுவது என்று சொல்லும் அதே வரியில் இதுவும் வருகிறது: விருந்து, ஒருவருக்கொருவர் பலகாரம் அனுப்புவது, ஏழைகளுக்குக் கொடுப்பது. நான் வழக்கம்போல 'மாசர்' கணக்கில் பற்று எழுதப் போனேன். மாசர் என்றால் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, தர்மத்துக்கென்று தனியாக எடுத்து வைப்பது. முதலாளி பேனாவைப் பிடித்துக்கொண்டார். "அதில் எழுதாதே. நான் கட்டவேண்டிய பாக்கியை ஏழையின் பணத்தை எடுத்துக் கட்டச் சொல்கிறாயா?"

அவர் மனசில் மாசர் பணம் அவருடையதே இல்லை. ஏற்கெனவே ஏழையுடையது, இவர் கையில் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். பூரிம் தானமோ அவர் சொந்தக் கடன், அதைச் சொந்தப் பையிலிருந்துதான் தீர்க்க வேண்டும். ராத்திரி முழுக்க இதே யோசனை. கடன் மாதிரி, தேதி போட்டுக் கட்டுகிற ஒன்றைத் தானம் என்று சொல்லலாமா?

#2 சந்தேகம் சாமி | 15 மார்ச் 2025

சொல்லக் கூடாது. தேதி போட்டு, தொகை போட்டு, தவறினால் குற்றம் என்றால் அதற்குப் பெயர் வரி. மனசு வந்து கொடுத்தால்தான் தானம்.

இன்னொன்று. முப்பது வருஷம் ஆடிட் வேலை பார்த்தவன் நான். அறக்கட்டளைக் கணக்குகள் எத்தனையோ பார்த்தாயிற்று. புலி வேஷம் போட்டவனெல்லாம் டப்பாவைக் குலுக்கினால் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவாரா உங்கள் முதலாளி? அந்தக் காசு எங்கே போகிறது? பாத்திரமறிந்து பிச்சையிடு என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

#3 பாளை வாத்தியார் | 16 மார்ச் 2025

தம்பி கணக்குப்பிள்ளைக்கு, நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். எபிரேயத்தில் இதற்குச் சொல் 'செதாக்கா'. (முதல் எழுத்தைச் சரியாக உச்சரிக்க 'ட்ஸ' என்று எழுத வேண்டும். கண் வலிக்கும், விட்டுவிடுவோம்.) அந்தச் சொல்லின் வேர் நீதி. இரக்கம் அல்ல. ஆகவே சாமி சொல்வதில் பாதி சரி. அவர்கள் இதைத் தயவு என்று நினைக்கவே இல்லை, கொடுக்காமல் வைத்திருந்தால் அடுத்தவன் பங்கைப் பிடித்து வைத்திருப்பதாக நினைக்கிறார்கள்.

லேவியராகமம் 23-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். முழுக்கப் பண்டிகைப் பட்டியல். பஸ்கா, அப்புறம் அறுப்பின் பண்டிகையான ஷவுவோத், அப்புறம் எக்காளப் பண்டிகை, பாவநிவாரண நாள், கூடாரப் பண்டிகை. இதில் ஷவுவோத் முடிந்து அடுத்த பண்டிகை தொடங்குவதற்கு முன் ஒரே ஒரு வசனம், 22-வது, நடுவில் வந்து நிற்கும்: வயலை அறுக்கும்போது ஓரத்தை முற்றிலும் அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு. பண்டிகைக்கும் வயலோரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று மாணவர்கள் கேட்பார்கள். அந்த வசனம் இருக்கும் இடமே பதில் என்று சொல்லுவேன்.

ஓரம் என்றால் எவ்வளவு? யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா, அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்கிறது. எங்கே விட வேண்டும்? வயலின் கடைசியில். ஏன் கடைசியில் என்பதற்கு ரபி ஷிமோன் சொன்ன காரணங்களில் இரண்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒன்று, நடுவில் எங்காவது விட்டால் சொந்தக்கார ஏழைக்கு மட்டும் காதோடு சொல்லி அனுப்பலாம், மற்ற ஏழைகளுக்கு அது திருட்டு. இன்னொன்று, எங்கே விடுவான் எப்போது விடுவான் என்று தெரியாமல் ஏழைகள் நாள் முழுக்க வரப்பில் காத்துக் கிடக்கக் கூடாது.

ஏழைக்கும் நேரம் உண்டு என்று யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

#4 சந்தேகம் சாமி | 16 மார்ச் 2025

வாத்தியார் ஐயா, அழகாகச் சொன்னீர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கதிர் பொறுக்குகிறவன் குனிந்து உழைக்கிறான். டப்பா குலுக்குகிறவனைப் பற்றித்தான் என் கேள்வி.

#5 கணக்குப்பிள்ளை (லண்டன்) | 16 மார்ச் 2025

சாமி அண்ணே, விசாரிப்பது பற்றி அவர்களுக்குள்ளேயே பெரிய சண்டை நடந்திருக்கிறது. தால்முத்தில், அதாவது பழைய யூத அறிஞர்களின் சட்ட விவாதங்களைத் தொகுத்த நூலில், இரண்டு பேர் மோதிக்கொள்கிறார்கள். ஒருவர், துணி கேட்டால் உடனே கொடு, சோறு கேட்டால் விசாரித்துக் கொடு என்கிறார். துணி இல்லாதவன் நிற்பது அவமானம், அதை நீட்டக் கூடாது என்பது அவர் வாதம். மற்றவர் நேரெதிர். பசி உயிர்போகிற வேதனை, துணிக்கு வேண்டுமானால் விசாரி என்கிறார். நடைமுறைக்கு வந்தது இரண்டாவது கட்சி. சாப்பாடு என்று கேட்டு வந்தவனிடம் கேள்வி கிடையாது.

இது வருஷம் முழுக்க. பூரிமுக்கு மட்டும் தனி விதி: கை நீட்டுகிற எல்லோருக்கும் கொடு, பணம் விஷயத்தில் அன்றைக்கு ஆராயாதே. உங்கள் பழமொழிக்கு ஒரு நாள் லீவு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

காசு எங்கே போகிறது என்று கேட்டீர்கள். பெரும்பாலும் பள்ளிக்கூடங்கள், நோயாளிகளுக்கான சங்கங்கள். பையன்கள் சீட்டை வாங்கியதும் சங்கத்தின் பெயரைச் சொல்லி ரசீது கொடுக்கிறார்கள். ஒரு புலி மட்டும் ரசீதுப் புத்தகத்தைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தது, அது வேறு கதை.

#6 குமரி மேரி (ஜெருசலேம்) | 16 மார்ச் 2025

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். இங்கே ஒரு வயதான பாட்டியைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. உங்களுக்கெல்லாம் பூரிம் வெள்ளியோடு முடிந்துவிட்டது, எங்களுக்கு இன்றைக்குத்தான் விருந்து! வீடு முழுக்கச் சத்தம், சமையலறையில் ஒளிந்துகொண்டு எழுதுகிறேன்.

ஜெருசலேமில் பூரிம் ஒரு நாள் தள்ளி, யூத நாட்காட்டியில் அதார் மாதம் 15-ல் வரும். இந்த வருஷம் அந்த 15 சனிக்கிழமையில் விழுந்துவிட்டது. சனிக்கிழமை ஓய்வு நாளில் பணத்தைத் தொடக் கூடாது. அதனால் பண்டிகையை மூன்று நாளாகப் பிரித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை எஸ்தர் சுருளை வாசித்து, அன்றைக்கே ஏழைகளுக்குப் பணம். சனிக்கிழமை ஜெபத்தில் மட்டும் ஒரு சேர்க்கை. ஞாயிற்றுக்கிழமை விருந்தும் பலகாரம் அனுப்புவதும்.

எனக்கு முதலில் புரியவில்லை. எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினால் என்ன, ஏழைக்குக் கொடுப்பதை மட்டும் ஏன் முன்னால் இழுக்க வேண்டும் என்று பாட்டியின் மகனிடம் கேட்டேன். தால்முத்தில் ரவ் யோசேப் என்பவர் சொன்னதைச் சொன்னார்: ஏழைகளின் கண்கள் அந்தச் சுருள் வாசிப்பையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. வாசிப்பு முடிந்தால் காசு கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் வாசிப்பும் காசும் பிரியக் கூடாது, பிந்தவும் கூடாது. விருந்து காத்திருக்கலாம்.

பாட்டிக்கு நினைவு தப்பித் தப்பி வருகிறது. என் பெயர் சில நாள் தெரியாது. ஆனால் வெள்ளிக்கிழமை மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கு முன் அலமாரியில் இருக்கும் தகர உண்டியலைக் கை தானாகத் தேடும். அதை 'புஷ்கே' என்பார். இரண்டு காசு விழுந்த சத்தம் கேட்டால்தான் தீக்குச்சியை உரசவே விடுவார்.

#7 பாளை வாத்தியார் | 16 மார்ச் 2025

மேரி, இந்த ஒரு பதிவுக்காகவே இந்த இழைக்கு வந்தது மதிப்பு. மூன்று நாள் பூரிம் பற்றிப் படித்திருக்கிறேன், காரணம் இதுவென்று கவனித்ததில்லை. நான் சொன்ன வரப்போரத்துக் காத்திருப்பும் இதுவும் ஒன்றுதான்.

#8 வடலி (டொரண்டோ) | 17 மார்ச் 2025

எல்லாருக்கும் வணக்கம். நான் கனகாலமாக இங்கே வாசிக்கிறதோடு சரி, எழுதுகிறதில்லை. இதுக்கு எழுத வேணும் போல இருந்தது.

90-களின் தொடக்கத்தில் நாங்கள் இங்கே வந்து இறங்கினபோது கையில் ஒன்றும் இல்லை. அம்மாவும் நானும் ஓர் உணவு வங்கியில் வரிசையில் நிற்போம். பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள், அதுவும் பிழையாக. சனம் திரும்பிப் பார்க்கும். ஒருநாள் எங்கட பள்ளிக்கூடத்துப் பெடியன் ஒருவன் அங்கே உதவி செய்ய வந்து நின்றான். நான் அடுத்த கிழமை போகவில்லை. அம்மா தனியப் போய் வந்தார். அவர்கள் கெட்ட சனம் இல்லை, தந்த சாமான் நல்ல சாமான். ஆனால் அந்த மேசைக்கு முன்னால் நிற்கிறது இண்டைக்கும் கனவில் வரும்.

அப்ப நாங்கள் பாதர்ஸ்ட் வீதியில் ஒரு அடுக்குமாடியில் இருந்தோம். பக்கத்து வீட்டில் ஒரு யூத அம்மா, தனிய. பூரிமுக்கு ஒரு தட்டில் முக்கோணப் பலகாரம், இரண்டு தோடம்பழம், ஒரு சின்னப் போத்தில் திராட்சை ரசம் வைத்து, துணி போட்டு மூடிக் கொண்டுவந்து தருவா. நாங்கள் பதிலுக்குப் பயித்தம்பணியாரம் கொடுத்தோம். அது கொடுக்கல் வாங்கல், அதிலே வெட்கம் இல்லை. ஆனால் மாரிகாலத்தில் இரண்டு தரம் எங்கட கதவடியில் ஒரு பெட்டி இருந்தது. பெயர் இல்லை, துண்டு இல்லை. அரிசி, எண்ணெய், ரின் மீன். அவதான் வைத்தாவா என்று இண்டைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டபோது "நான் இல்லை" என்று சொல்லிவிட்டு ஒரு கதை சொன்னா.

மார் உக்வா என்று ஒருவர், பழைய காலத்து அறிஞர். பக்கத்தில் இருந்த ஓர் ஏழையின் கதவு இடுக்கில் நாளும் நாலு காசு போட்டுவிட்டுப் போவாராம். யார் இது என்று பார்க்க அந்த ஏழை ஒருநாள் காத்திருந்து, கதவடியில் அசுமாத்தம் கேட்டவுடன் வெளியே ஓடி வந்தான். மார் உக்வாவும் மனிசியும் ஓட்டம் பிடித்து, ஒளிக்க இடமில்லாமல், அப்பதான் நெருப்பு வாரின, ரொட்டி சுடுகிற ஒரு போறணைக்குள் ஏறிவிட்டார்கள். அவருக்குக் கால் சுடுகுது. "என்ர காலுக்கு மேலே வை" என்று மனிசி சொன்னாவாம். அவவின் கால் சுடவில்லை. அவருக்கு முகம் வாடிப்போச்சு. அதுக்கு அவ, "நான் வீட்டில் இருக்கிறவள், கேட்டு வந்தால் கையில் சாப்பாடாகவே கொடுக்கிறேன். நீங்கள் காசு கொடுக்கிறீர்கள், அவன் போய்த்தான் வாங்க வேணும்" என்றாவாம்.

கொடுத்தவனைக் கண்டால் வாங்கினவன் கூசிப்போவான் என்று போறணைக்குள் ஏறின ஆக்கள். எனக்கு அந்த வரிசைதான் ஞாபகம் வந்தது.

#9 சந்தேகம் சாமி | 17 மார்ச் 2025

வடலி தம்பி, உங்கள் பதிவுக்கு மறுமொழி எழுத எனக்குத் தகுதி இல்லை. படித்தேன்.

#10 கணக்குப்பிள்ளை (லண்டன்) | 18 மார்ச் 2025

அதே மார் உக்வா பற்றி அதே பக்கத்தில் இன்னொரு கதையும் உண்டு. இது யோம் கிப்பூர் கதை, அதாவது வாத்தியார் சொன்ன பாவநிவாரண நாள். ஒவ்வொரு வருஷமும் யோம் கிப்பூருக்கு முந்தின நாள் ஓர் ஏழைக்கு 400 காசு அனுப்புவார். ஒரு வருஷம் மகனிடம் கொடுத்து அனுப்பினார். மகன் பணத்தோடு திரும்பி வந்துவிட்டான். "அவனுக்கு இது தேவையில்லை அப்பா. அங்கே பழைய ஒயினைத் தெளித்துக்கொண்டிருக்கிறார்கள்." மார் உக்வா, "அவ்வளவு சொகுசாகவா வளர்ந்தவன்?" என்று கேட்டுவிட்டு, தொகையை இரண்டு மடங்காக்கி அனுப்பினாராம்.

சாமி அண்ணன் என்ன சொல்லப் போகிறார் என்று தெரியும்.

#11 சந்தேகம் சாமி | 18 மார்ச் 2025

தெரிந்துகொண்டே கிளறுகிறீர்கள்! அந்த மகன்தான் என் கட்சி. அவனை ஆடிட்டில் சேர்த்துக்கொள்ளலாம். பழைய ஒயின் தெளிக்கிறவனுக்கு இரண்டு மடங்கா? பக்கத்துத் தெருவில் பட்டினி கிடப்பவன் என்ன பாவம் செய்தான்?

இன்னும் இரண்டு கேள்வி. இதெல்லாம் அவர்களுக்குள்ளேயே சுற்றுகிற பணம்தானே? வெளியாளுக்கு உண்டா? அப்புறம், மறைவாகக் கொடு என்று இத்தனை கதை சொல்கிறார்கள், நான் நியூயார்க் போயிருந்தபோது ஒரு ஜெப ஆலயத்துக்குள் பார்த்தேன், நாற்காலிக்கு நாற்காலி பித்தளையில் பெயர். நம் கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் வராத அளவுக்கு 'உபயம்' எழுதுவார்களே, அதற்கு அண்ணன்.

#12 பாளை வாத்தியார் | 18 மார்ச் 2025

டியூப்லைட் விஷயத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள். பெயர்ப்பலகை ஆசை எந்த மதத்துக்கும் தனிச் சொத்து இல்லை.

வெளியாள் பற்றி: முதலில் சொந்தக்காரர், அப்புறம் தன் ஊர் ஏழை, அதற்கப்புறம் அடுத்த ஊர் என்று வரிசை வைத்திருக்கிறார்கள். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் யூதரல்லாத ஏழைகளையும் யூத ஏழைகளோடு சேர்த்தே தாங்க வேண்டும், சமாதானம் நிலைப்பதற்காக, என்று தால்முத் சொல்கிறது. பூரிம் பணத்தைப் பற்றியே பதினாறாம் நூற்றாண்டுச் சட்டத் தொகுப்பான ஷுல்ஹான் ஆரூக்கில், யூதரல்லாதாருக்கும் கொடுக்கிற வழக்கம் உள்ள ஊரில் கொடுக்கலாம் என்று இருக்கிறது. கொஞ்சம் தயங்கித் தயங்கிச் சொன்ன மாதிரிதான் எனக்குப் படுகிறது. வயலோர வசனத்திலோ தயக்கமே இல்லை, 'பரதேசிக்கும்' என்று நேராகவே எழுதியிருக்கிறது. ரூத் யார்? மோவாபிலிருந்து வந்த அந்நியப் பெண். பெத்லகேமில் போவாஸின் வயலில் கதிர் பொறுக்கினாள். போவாஸ் வேலைக்காரரிடம், கட்டிலிருந்து சில கதிர்களை வேண்டுமென்றே உருவிப் போடுங்கள், அவளை அதட்டாதிருங்கள் என்கிறான். அவளுக்குத் தான் பொறுக்கினதாகவே இருக்கும், யாரும் கொடுத்ததாக இருக்காது. அந்தப் புத்தகத்தைத்தான் ஷவுவோத் அன்று ஜெப ஆலயத்தில் வாசிக்கிறார்கள்.

#13 கணக்குப்பிள்ளை (லண்டன்) | 19 மார்ச் 2025

இன்றைய வழக்கத்தில் ஒன்று சேர்க்கிறேன். அமெரிக்காவில் 1985-ல் தொடங்கிய மாஸோன் என்ற யூத அமைப்பு பசிக்கு எதிராக வேலை செய்கிறது, எந்த மதத்தவர் பசியாக இருந்தாலும். கல்யாணம் போன்ற விசேஷங்களுக்குச் செலவாகும் தொகையில் 3 சதவீதத்தைத் தனியாக எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டது. சாப்பாட்டு பில்லில் வரி போடுகிற மாதிரி. சாமி அண்ணனுக்கு வரி பிடிக்காது, தெரியும்.

சாமி அண்ணனுக்கென்றே சில விதிகள் எடுத்து வைத்திருக்கிறேன். ஊர்த் தர்மப் பெட்டிக்கு வசூல் செய்ய இரண்டு பேருக்குக் குறையக் கூடாது, பகிர்ந்து கொடுக்க மூன்று பேர் வேண்டும். வசூலுக்குப் போன இருவரும் ஒருவரை விட்டு ஒருவர் பிரியக் கூடாது. வழியில் கீழே கிடந்து ஒரு காசு கிடைத்தால்கூடத் தன் பையில் போடக் கூடாது, பார்க்கிறவன் சந்தேகப்படுவான், தர்மப் பையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போன பிறகு எடுத்துக்கொள். எப்படி?

#14 சந்தேகம் சாமி | 19 மார்ச் 2025

பிரமாதம்! இதை எழுதியவன் எங்கள் ஜாதி. உள் கட்டுப்பாடு என்று நாங்கள் இன்றைக்குச் சொல்வது இதைத்தான்.

#15 பாளை வாத்தியார் | 19 மார்ச் 2025

அவசரப்படாதீர்கள். அடுத்த பக்கத்திலேயே, தர்மம் பகிர்கிறவர்களிடம் கணக்குக் கேட்கக் கூடாது என்றும் இருக்கிறது. ஆலயத்தைப் பழுதுபார்த்த வேலையாட்களுக்குக் கொடுக்கும்படி பணத்தைப் பெற்றுக்கொண்டவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை, அவர்கள் உண்மையாய் நடந்தார்கள் என்று 2 இராஜாக்கள் 12-ல் வருவதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

#16 சந்தேகம் சாமி | 19 மார்ச் 2025

போச்சு.

#17 பாளை வாத்தியார் | 19 மார்ச் 2025

பின்னால் வந்த சட்ட அறிஞர் மோசே இசர்லஸ், கேட்கக் கூடாதுதான், ஆனாலும் அவர்களாகவே கணக்குக் காட்டிவிடுவது நல்லது என்று சேர்த்தார். நிம்மதியா?

#18 புதுசு | 20 மார்ச் 2025

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். யோம் கிப்பூருக்குக் கோழியைத் தலையைச் சுற்றி எறிவார்கள் என்று ஒரு வீடியோ பார்த்தேன். அதுவும் தானமா? திருஷ்டி கழிக்கிற மாதிரி இருந்தது.

#19 குமரி மேரி (ஜெருசலேம்) | 21 மார்ச் 2025

எறிய மாட்டார்கள்! கையில் பிடித்து மூன்று தரம் தலையைச் சுற்றுவார்கள், அப்புறம் அறுத்து இறைச்சியையோ அதன் விலையையோ ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். 'கப்பாரோத்' என்று பெயர். மகானே யெகுடா சந்தைப் பக்கம் பார்த்திருக்கிறேன், கூண்டு கூண்டாக அடுக்கியிருக்கும், வெயிலில் அந்தக் கோழிகளைப் பார்க்கப் பாவமாக இருக்கும். யூதர்களிலேயே பல பேருக்கு இது பிடிக்காது, சண்டை நடக்கிறது. எங்கள் பாட்டி வீட்டில் கோழி கிடையாது. பணத்தைக் கைக்குட்டையில் முடிந்து சுற்றிவிட்டு அப்படியே உண்டியலில்.

#20 கணக்குப்பிள்ளை (லண்டன்) | 21 மார்ச் 2025

சண்டை புதுசு இல்லை. ஷுல்ஹான் ஆரூக் எழுதிய யோசேப் காரோவே இந்த வழக்கத்தை நிறுத்துவது நல்லது என்று எழுதிவிட்டார். இசர்லஸ்தான் எங்கள் ஊர்களில் உண்டு, மாற்றக் கூடாது என்றார். வழக்கம் ஜெயித்துவிட்டது, எப்போதும்போல.

#21 வடலி (டொரண்டோ) | 22 மார்ச் 2025

யோம் கிப்பூர் என்றவுடன் ஞாபகம். படிக்கிற காலத்தில் நான் ஒரு ஜெப ஆலயத்தில் துப்புரவு வேலை பார்த்தேன். யோம் கிப்பூர் இரவு ஆக்கள் முட்டி வழியும். அண்டைக்குத்தான் ஆலயச் செலவுக்கும் ஏழைகளுக்கும் பெரிய காசு சேரும். ஆனால் அண்டைக்குக் காசைத் தொடவும் கூடாது, பேனை பிடித்து எழுதவும் கூடாது. பிறகு எப்படி?

ஒவ்வொரு கதிரையிலும் ஒரு மட்டை வைத்திருப்போம். ஆளின் பெயர் முன்கூட்டியே அச்சடித்திருக்கும். விளிம்பில் தொகைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன மடிப்பு. கொடுக்க நினைக்கிற தொகையின் மடிப்பை விரலால் மடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் சரி. எழுத்தில்லை, காசில்லை. தொகைகள் 18, 36, 180 என்று போகும். எபிரேயத்தில் எழுத்துக்கு எண் மதிப்பு உண்டு, 'உயிர்' என்ற சொல்லைக் கூட்டினால் 18 வரும். எங்கட மொய்யில் 101 வைக்கிறது மாதிரி.

அடுத்த நாள் இரவு நோன்பு முடிஞ்சு, எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, நானும் இன்னொரு பெடியனும் அந்த மட்டைகளைப் பொறுக்கி அடுக்குவோம். ஒரு மட்டையில் 18-ஐ மடித்து, நிமிர்த்தி, 36-ஐ மடித்து, அதையும் நிமிர்த்தி, திரும்ப 18-ஐ மடித்திருந்தது. மடித்த தடம் அழியாது. அந்த ஆள் இரவு முழுக்க அதோடு மல்லுக்கட்டியிருக்கிறார் என்று நாங்கள் இரண்டு பேரும் அதை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

#22 சந்தேகம் சாமி | 22 மார்ச் 2025

அந்த மட்டைதான் என் கட்சிக்கு ஆதாரம்! கட்டாயமும் மனசும் அடித்துக்கொண்ட தடம் அது. மனசு தோற்றது 18-ல் தெரிகிறது.

#23 வடலி (டொரண்டோ) | 22 மார்ச் 2025

தோற்றது என்று எப்படி அண்ணை சொல்கிறீர்கள்? வீட்டில் 18-தான் இருந்ததோ என்னவோ. கட்டாயம் இல்லாவிட்டால் அந்த 18-உம் மடிந்திராது.

#24 பாளை வாத்தியார் | 23 மார்ச் 2025

வடலி சொன்னதையே ரபி ஹனினா வேறு மாதிரிச் சொன்னார்: கட்டளை இல்லாமல் செய்கிறவனைவிடக் கட்டளை பெற்றுச் செய்கிறவன் பெரியவன். தோன்றினால் செய்யலாம் என்கிறவனுக்குத் தோன்றாத நாள் விடுமுறை நாள். கட்டளை உள்ளவனுக்கு அந்தச் சலுகை கிடையாது, மனசோடு மல்லுக்கட்டியாக வேண்டும். தர்மம் வாங்கிப் பிழைக்கிற ஏழையும் தன் பங்குக்குக் கொடுத்தாக வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். பூரிமுக்குப் பலகாரம் அனுப்ப வழியில்லாத இரண்டு அறிஞர்கள் தங்கள் சாப்பாட்டை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டார்கள் என்று தால்முத்தில் வருகிறது. இவன் சோறு அவனுக்கு, அவன் சோறு இவனுக்கு. இருவரும் கொடுத்தவர்களாகிவிட்டார்கள்.

மனசுக்கும் இடம் இல்லாமல் இல்லை சாமி. எகிப்தில் மருத்துவராக இருந்து 1204-ல் இறந்த யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ், கொடுப்பதில் எட்டுப் படி வைத்தார். ஆகக் கீழ்ப்படி, முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுப்பது. அது கணக்கில் வருகிறது, ஆனால் கடைசியில். மேலே போகப் போக யார் யாருக்குத் தெரிகிறது என்பதே அளவுகோல்: வாங்குகிறவனுக்குக் கொடுத்தவன் தெரியாமல், இருவருக்குமே தெரியாமல். உச்சியில் இருப்பதோ அவனைச் சொந்தக் காலில் நிற்க வைப்பது. இனாமோ கடனோ கொடு, கூட்டாளியாகச் சேர், வேலை கொடு, இனி அவன் கேட்க வேண்டாதபடி.

அதே மைமோனிடிஸ் பண்டிகை விருந்தைப் பற்றி எழுதியதுதான் காரம். கதவைத் தாழிட்டுக்கொண்டு பெண்டாட்டி பிள்ளைகளோடு மட்டும் தின்று குடித்து, ஏழைக்குக் கொடுக்காதவனுடையது பண்டிகை மகிழ்ச்சி அல்ல, அவன் வயிற்றின் மகிழ்ச்சி என்கிறார். பூரிமில் விருந்தையும் பலகாரத்தையும்விட ஏழைகளுக்குக் கொடுப்பதைக் கூட்டு என்றும் சொல்கிறார்.

#25 சந்தேகம் சாமி | 23 மார்ச் 2025

கடன் கொடுப்பது உச்சிப் படி என்பது எனக்குச் சம்மதம். முதல் தடவையாக.

#26 கணக்குப்பிள்ளை (லண்டன்) | 24 மார்ச் 2025

அதற்கு நிஜ உதாரணம் நியூயார்க்கில் உண்டு. 1892-ல் தொடங்கிய எபிரேய இலவசக் கடன் சங்கம், வட்டியில்லாக் கடன், இன்றைக்கும் நடக்கிறது. இங்கே எங்கள் தெருவிலேயே 'கெமாக்' என்ற பெயரில் வீட்டுக்கு வீடு இரவல் கொடுக்கும் ஏற்பாடுகள் உண்டு. ஒரு வீட்டில் கல்யாணக் கவுன், ஒரு வீட்டில் மடக்கு நாற்காலி, ஒரு வீட்டில் குழந்தைக் கட்டில்.

#27 குமரி மேரி (ஜெருசலேம்) | 6 ஏப்ரல் 2025

பஸ்கா வருகிறது, இங்கே வீட்டைக் கழுவிக் கழுவிக் கை வெந்துவிட்டது. ரொட்டித் துகள் ஒன்று இருக்கக் கூடாது.

சூப்பர் மார்க்கெட் வாசலில் பள்ளிப் பிள்ளைகள் தள்ளுவண்டி வைத்து நிற்கிறார்கள். நம் சாமான் வாங்கும்போது ஒன்று கூட வாங்கி அதில் போட வேண்டும். பஸ்காவுக்கு முன் ஏழைகளுக்குக் கொடுப்பதற்கென்றே பழைய பெயர் ஒன்று உண்டாம், 'மாவோத் ஹித்தீம்', கோதுமைக் காசு. புளிப்பில்லாத அப்பம் சுட முன்பு கோதுமையே வாங்கிக் கொடுப்பார்களாம். பண்டிகை இரவு மேசையில் முதலில், பசித்தவர் எல்லோரும் வந்து சாப்பிடுங்கள் என்று அரமேய மொழியில் சொல்வார்கள். போன வருஷம் பாட்டியின் பேத்தி கேட்டாள்: "கதவை மூடிக்கொண்டு சொன்னால் வெளியே யாருக்குக் கேட்கும்?" மேசையில் ஒருவரும் பேசவில்லை. பாட்டிதான் சொன்னார், "அதற்குத்தான் போன வாரமே அரிசி மூட்டை அனுப்பினோம்." அன்றைக்கு அவருக்கு நினைவு நன்றாக இருந்தது.

#28 கணக்குப்பிள்ளை (லண்டன்) | 10 ஏப்ரல் 2025

மேரி அக்கா, ஆமாம். அந்தக் கோதுமைக் காசுக்குப் பழைய விதி: ஊரில் 12 மாதம் இருந்துவிட்டால் நீயும் ஊர்க்காரன், கொடுக்கவும் வேண்டும், தேவையென்றால் வாங்கவும் செய்யலாம். ஒரே தகுதி இரண்டுக்கும்.

இன்றைக்குக் கடையில் நடந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறேன், நாளை மறுநாள் ராத்திரி பஸ்கா, தலைக்கு மேல் வேலை. எங்கள் கடையில் பற்று நோட்டு உண்டு. இந்த ஊரில் பஸ்கா சாமான் விலை உங்களுக்குத் தெரியாது. பிள்ளை குட்டி நிறைய உள்ள வீடுகள் மாதக்கணக்கில் பாக்கி வைத்திருக்கும், பண்டிகை வந்தால் மேலே வாங்கக் கூசிக்கொண்டு கடைப்பக்கம் வராமலே இருந்துவிடுவார்கள். காலையில் ஒருவர் வந்தார். தொப்பி, கோட்டு, எல்லோரையும் போல. முதலாளியோடு உள்ளே இரண்டு நிமிஷம். வெளியே போகும்போது ஒரு பொட்டலம் பேரீச்சை வாங்கி, அதற்குத் தனியாகக் காசு கொடுத்து, மிச்சத்தை எண்ணி வாங்கிக்கொண்டு போனார். முதலாளி என்னிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். பற்றுக் கணக்கு எண்கள் மட்டும், ஒரு பக்கம் நிறைய. "இதெல்லாம் தீர்ந்தது."

யார் பெயரில் வரவு வைப்பது என்று கேட்டேன். "வந்தது ரொக்கம். ரொக்கம் என்று எழுது." அந்த வீட்டுக்காரர்கள் கேட்டால் என்ன சொல்ல என்று கேட்டேன். "கணக்குப்பிள்ளை தப்பாகக் கூட்டிவிட்டார், பாக்கி இல்லை என்று சொல்."

ஒன்பது வருஷத்தில் ஒரு பென்னி தப்பாகக் கூட்டியதில்லை நான்! சாமி அண்ணே, ஆடிட்டர் வந்து இந்தப் பக்கத்தைப் புரட்டினால் என்ன பதில் சொல்வது?

#29 சந்தேகம் சாமி | 10 ஏப்ரல் 2025

அந்தக் காகிதத்தில் தேதியும் மொத்தத் தொகையும் போட்டு, முதலாளியிடம் ஒரு கையெழுத்து வாங்கி ரொக்கச் சீட்டோடு கோத்து வையுங்கள். பெயர் வேண்டாம்.

பேரீச்சைக்கு மட்டும் தனி ரசீது போட்டீர்களா?

#30 கணக்குப்பிள்ளை (லண்டன்) | 10 ஏப்ரல் 2025

போட்டேன் அண்ணே.